புதிதாகக் கட்டிய வெஸ்பாவில் பின்சக்கரம் ஆடுகிறதா? இஞ்சினை மறுபடி இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பட்டர்வொர்த்திலிருந்து வந்த கேள்வி இது. வெஸ்பா பிஎக்ஸ் 150, இஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதுசு. பின் டிரம்மும் புதுசுதான், ஆனால் ஒரிஜினல் இல்லை. டிரம்முக்கும் ரிம்முக்கும் பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். சில வாரம் ஓடியதும் பின்சக்கரத்தைக் கையால் அசைத்தால் டயர் ஓரத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆடுகிறது. கியர் மாற்றும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். பினாங்குப் பாலத்தில் காற்றடித்தால் வண்டியின் பின்பக்கம் இழுக்கிறது. பட்டறையில் "பேரிங் போச்சு, இஞ்சினை இறக்கணும்" என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?

இறக்க வேண்டியும் வரலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்த முடிவுக்கு வரும் அளவுக்கு யாரும் எதையும் சோதித்ததாகத் தெரியவில்லை. சக்கரம் ஆடுகிறது என்று சொன்னால் போதாது. எந்த இரண்டு சாமானுக்கு நடுவே ஆடுகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு டார்ச், ஒரு மார்க்கர், கூட ஓர் ஆள் இருந்தால் போதும். கேசிங்கைத் திறக்காமலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் அமைப்பு. பிஎக்ஸில் பின்சக்கரத்துக்கென்று தனி ஆக்சில் கிடையாது. கியர்களைச் சுமக்கும் மெயின்ஷாஃப்ட்டே கேசிங்கை விட்டு வெளியே நீண்டு ஆக்சிலாக நிற்கிறது. டிரம் பக்கம் ஒரு பால் பேரிங், உள்முனையில் ஒரு நீடில் பேரிங், இரண்டும்தான் அதைத் தாங்குகின்றன. வெளியே வரும் முனையில் உள்ள ஸ்பிளைனில், அதாவது நீளவாக்கில் வெட்டிய பற்களில், டிரம் ஏறும். அதை ஒரு பெரிய நட்டு இறுக்கும். டிரம்மில் உள்ள ஐந்து ஸ்டட்டில் (பதித்த மரை ஆணிகள்) ரிம் உட்காரும். இஞ்சின் கேசிங்கே ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) என்பதால், அது பிரேமில் சைலண்ட் பிளாக் என்ற ரப்பர் புஷ்கள் வழியாகத் தொங்குகிறது. ஆக, ஆட்டம் வர நான்கு இடம் உண்டு: ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவே, டிரம்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே, ஷாஃப்ட்டுக்கும் கேசிங்குக்கும் நடுவே, கேசிங்குக்கும் பிரேமுக்கும் நடுவே. பேரிங் இதில் மூன்றாவது இடத்தில் மட்டும் வருகிறது. பட்டறைகளில் எடுத்த எடுப்பில் அதன் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஸ்டாண்டுக்கு அடியில் ஓர் அங்குலப் பலகை கொடுத்து, பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுங்கள். கூட இருப்பவர் டார்ச் அடித்து டிரம்முக்கும் பிரேக் பிளேட்டுக்கும் இடையே உள்ள சந்து மாறுகிறதா என்று பார்க்கட்டும். அந்தச் சந்து விரிந்து சுருங்கினால் ஆட்டம் டிரம், ஷாஃப்ட், பேரிங் பக்கம். சந்து அசையாமல் மொத்த இஞ்சினும் சேர்ந்து சாய்ந்தால் சைலண்ட் பிளாக். டிரம் நின்று ரிம் மட்டும் அசைந்தால் வீல் நட்டு.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இன்னொரு வழி. கூட இருப்பவரைப் பின்பிரேக் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, அதே மாதிரி அசையுங்கள். பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் அது டிரம், ஷாஃப்ட் சமாச்சாரம். முன்போலவே ஆடினால் ரிம் அல்லது சைலண்ட் பிளாக். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாமல் பேரிங் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

ரிம் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வீல் நட்டுகள் 13 சைஸ் சாக்கெட், இறுக்கம் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர். ரிம் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பவுடர் கோட்டிங் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். அந்த இடங்களில் மட்டும் சுரண்டி இரும்பு தெரிய வைத்து இறுக்குங்கள். ரிம் வளைந்திருந்தால் சக்கரம் சுற்றும்போது தள்ளாடும்; ஆனால் நிறுத்திக் கையால் அசைத்தால் ஆடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி டிரம் நட்டு. உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் இங்கேதான், காரணம் அந்தப் பவுடர் கோட்டிங்கும் புது டிரம்மும்.

நட்டு இறுகும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். டிரம்மின் நடுக்குழாய் ஆயில் சீல் வழியாக உள்ளே போய், பால் பேரிங்கின் உள்வளையத்தின் மேல் முட்டுகிறது. உள்வளையத்தின் மறுபக்கம் ஷாஃப்ட்டின் படி முட்டுகிறது. நட்டை இறுக்கும்போது டிரம், உள்வளையம், ஷாஃப்ட் மூன்றும் ஒரே துண்டாகப் பிடிபடுகின்றன. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் இந்தப் பிடி போய்விடும். ஷாஃப்ட் உள்வளையத்துக்குள் வழுக்கும், டிரம் ஸ்பிளைன் மேல் ஆடும். பேரிங் புத்தம் புதுசாக இருக்கும், சக்கரம் மட்டும் தேய்ந்த பேரிங் மாதிரியே ஆடும்.

இதனால் இன்னொரு விஷயமும் வருகிறது. டிரம்மைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "பாருங்க, உள்ளே வெளியே போகுது" என்று காட்டுவார்கள். அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. நட்டு இறுக்காத நிலையில் ஷாஃப்ட் நகர்ந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நட்டைக் கழற்றும் முன் இறுக்கிப் பாருங்கள். வரிசை முக்கியம், கழற்றிவிட்டால் சாட்சி போய்விடும். ஸ்ப்ளிட் பின்னை உருவி, மேலே உள்ள மூடியை எடுங்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஒருவர் பின்பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கட்டும். 24 சைஸ் சாக்கெட் போட்டு, டார்க் ரெஞ்சை (வைத்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்னும் ரெஞ்ச்) 90இல் வைத்து இறுக்குங்கள். பிஎக்ஸுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 90 முதல் 110 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் நட்டை அசைக்காமலே 'கிளிக்' என்றால் நட்டில் குறையில்லை. கிளிக் வருவதற்குள் நட்டு கால் சுற்று, அரைச் சுற்று திரும்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் 45 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் சுமார் 22 கிலோ எடையளவு அழுத்தினால் ஏறக்குறைய 97 நியூட்டன் மீட்டர் வரும். ஒரு கைப்பையில் அரிசி மூட்டைகளைத் தொங்கவிட்டு இதைச் செய்யலாம், கேலிக்காகச் சொல்லவில்லை. ஏர் கன்னால் 'டர்ர்' என்று ஒரு தட்டு தட்டி முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இறுக்கியதும் சக்கரத்தை மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றிருந்தாலும் வேலை முடியவில்லை. தளர்ந்த நட்டோடு ஓடிய டிரம்மைக் கழற்றி ஸ்பிளைனைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பிளைன் பற்கள் இரு பக்கமும் நேர்ச் சுவராக, உச்சி தட்டையாக இருக்க வேண்டும். உச்சி கூராகத் தேய்ந்திருந்தாலோ, பள்ளத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தாலோ டிரம் ஷாஃப்ட் மேல் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. அது இரும்பு இரும்போடு உரசியதால் வந்த தூள். மழையில் நனைந்து வந்த துரு இல்லை. பெரும்பாலும் டிரம் பக்கம்தான் முதலில் தேயும், ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும். ஷாஃப்ட் பற்களை நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் அதுவும் போய்விட்டது என்று அர்த்தம், இஞ்சின் பிரிக்காமல் ஷாஃப்ட் மாற்ற முடியாது.

டிரம்மைக் கழற்றாமலே ஸ்பிளைனைச் சோதிக்கவும் வழி உண்டு. நட்டு முனையிலிருந்து டிரம் வரை மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். முதல் கியர் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றி ஆட்டுங்கள். கோடு உடையாமல் நட்டும் டிரம்மும் சேர்ந்தே அசைந்தால் ஸ்பிளைன் பரவாயில்லை. டிரம் அசைந்து நட்டு நின்றால் ஸ்பிளைன் தேய்ந்துவிட்டது. இப்படிச் சுழற்றும்போது கியரில் சில டிகிரி தளர்வு இருக்கத்தான் செய்யும். கியர் பற்களின் இடைவெளி, சிலுவை வடிவச் செலக்டர், கிளட்ச் பக்கத்துப் பெரிய கியரில் உள்ள ஸ்பிரிங்குகள், எல்லாம் சேர்ந்து தரும் தளர்வு அது. உங்கள் 'டொக்' சத்தத்தில் ஒரு பகுதி இதுதான். ஸ்பிளைன் தேய்ந்திருந்தால் அதோடு இன்னும் கனமான ஓர் அடி சேரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் கேட்கும்.

நட்டு சரியாக இறுக்கியும் டிரம் ஆடுகிறது என்றால், அதுவும் நடக்கக்கூடியதுதான். வெளிச்சந்தை டிரம் சிலவற்றில் நடுக்குழாய் கொஞ்சம் குட்டையாக இருக்கும், அல்லது நட்டுக்கு அடியில் வர வேண்டிய தடித்த வாஷர் கட்டும்போது விட்டுப்போயிருக்கும். அப்போது நட்டு டிரம்மை அழுத்துவதற்கு முன்பே மரை முடிகிற இடத்தில் முட்டிக்கொள்ளும். ரெஞ்ச் கிளிக் என்னும், 100 நியூட்டன் மீட்டர் என்று காட்டும், அத்தனை பலமும் ஷாஃப்ட்டின் மரை மேலேயே போயிருக்கும். கண்டுபிடிக்க, டிரம் இல்லாமல் நட்டைக் கையால் கடைசி வரை ஓட்டி, ஷாஃப்ட் முனையிலிருந்து நட்டின் வெளிமுகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரம் போட்டு இறுக்கி அதே அளவை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நட்டு முட்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் வாஷர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆனால் அந்த வாஷரை நிரந்தரமாக்கும் முன் நட்டின் மரை முழுதும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறதா, ஸ்ப்ளிட் பின் துளை மூடிக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அந்த டிரம்மை மாற்றிவிடுவதே நல்லது.

பவுடர் கோட்டிங் இங்கேயும் வேலையைக் காட்டும். வாஷர் உட்காரும் முகத்தில் பூச்சு இருந்தால், இறுக்கும்போது கிளிக் வரும். இஞ்சின் சூட்டில், அதிர்வில் பூச்சு நசுங்கியதும் இறுக்கம் போய்விடும். நடுக்குழாயின் முனையில் பூச்சுத் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். சீல் உரசும் இடத்தில் பூச்சு இருந்தால் சீல் கிழிந்து கியர் ஆயில் பிரேக் ஷூவுக்கு வரும். டிரம்மின் இந்த மூன்று இடங்களிலும் வெறும் உலோகம்தான் தெரிய வேண்டும்.

ஸ்ப்ளிட் பின் துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னோக்கித் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. மூடியை எடுத்து வேறு கோணத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் 110க்குள் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.

இத்தனையும் சரி, பிரேக் பிளேட்டைப் பொறுத்து டிரம் இன்னும் அசைகிறது என்றால் பேரிங், கேசிங் பக்கம் போக வேண்டும். இங்கே ஒரு சின்னச் சாமான் செய்துகொள்ளுங்கள். டிரம்மின் நடுக்குழாய் நீளத்துக்கு, அதே வெளிவிட்டத்தில், ஸ்பிளைன் மேல் தளர்வாகப் போகும் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. பிறை தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். டிரம்முக்குப் பதில் இதைப் போட்டு வாஷர், நட்டு வைத்து இறுக்கினால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டோடு பிடிபடும்; பிரேக் பிளேட், கேசிங் எல்லாம் கண் முன்னே திறந்திருக்கும். காந்த ஸ்டாண்ட் அலுமினியக் கேசிங்கில் ஒட்டாது, அதனால் ஒரு இரும்புப் பட்டையைக் கேசிங்கில் உள்ள ஸ்டட் ஒன்றில் பூட்டி அதன் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவி) நிறுத்துங்கள். ஷாஃப்ட்டை உள்ளே வெளியே தள்ளி இழுங்கள். பிறகு மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள்.

நல்ல சி3 (சாதாரணத்தைவிடச் சற்றுக் கூடுதல் தளர்வு வகை) பால் பேரிங்கின் குறுக்குத் தளர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். அதே பேரிங்கில் நெடுக்குத் தளர்வு அதைப் போல எட்டு, பத்து மடங்கு இருப்பது இயற்கை. எனவே உள்ளே வெளியே 0.1, 0.2 மில்லிமீட்டர் அசைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். டயர் ஓரத்தில் அது கைக்கு லேசாகத் தெரியும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அதற்கு மேல் கணிசமாக அசைந்தால் பேரிங்கே கேசிங்கில் நகர்கிறது. பெரும்பாலும் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் காடியில் முழுதாக உட்காராமல் இருந்திருக்கும். மேலும் கீழும் அசைவு கையில் தட்டினால் கேசிங்கின் பேரிங் குழி தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் உள்முனை நீடில் பேரிங் போயிருக்கிறது. சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் 'கரகர' என்று கைக்குத் தட்டினால் பால் பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது.

புது பேரிங்கில் குழி எப்படி வரும்? கட்டும்போதுதான். கேசிங்கில் பேரிங்கை வைத்துவிட்டு, உள்வளையத்துக்குத் தாங்கல் கொடுக்காமல் ஷாஃப்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினால், அந்த அடி முழுதும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையைத் துளைக்கும். ஷாஃப்ட்டை அடிக்கவே தேவையில்லை. மேலே சொன்ன குழாயை உள்வளையத்தில் வைத்து நட்டைத் திருப்பி இழுத்துக்கொள்ளலாம். பேரிங்கைக் கேசிங்கில் இறக்கவும் சுத்தியல் வேண்டாம். கேசிங்கைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீர்த் துளி தெளித்தால் 'சுர்' என்கிற பதத்தில், முன்னிரவே பிரீசரில் வைத்த பேரிங்கைப் போட்டால் தன் எடையிலேயே உட்காரும். அப்படிப் போட்டும் குளிர்ந்த பிறகு பேரிங்கின் வெளிவளையத்தை விரலால் சுழற்ற முடிகிறது என்றால் கேசிங்கின் குழி தேய்ந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

குழி தேய்ந்த கேசிங்குக்குப் பழைய பட்டறை வைத்தியம், பஞ்ச் வைத்துச் சுற்றிலும் புள்ளி குத்துவது. பேரிங் இறுக்கமாகப் போகும், மெக்கானிக் சிரிப்பார், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்தப் புள்ளிகள் நசுங்கி முன்பைவிட மோசமாகும். தேய்மானம் 0.1 மில்லிமீட்டருக்குள் என்றால் பேரிங்கைக் குழியோடு ஒட்டும் பசையான லாக்டைட் 641, அதற்கு மேல் 0.25 வரை 638. இரு முகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது ஒட்டாது. அதையும் தாண்டியிருந்தால் லேத்தில் குழியைப் பெரிதாக்கிப் புஷ் போடுவதுதான் வழி. குழியின் மையம் மாறினால் கியரே சரியாகப் பற்றாது என்பதால், வெஸ்பா கேசிங்கை முன்பே கையாண்டவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள். மெயின்ஷாஃப்ட்டில் கியர்களுக்கும் வாஷருக்கும் இடையே 0.15 முதல் 0.40 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. பின்சக்கரம் ஆடுகிறது என்று சொன்னதும் "ஷிம் (சந்தைக் குறைக்கும் வாஷர்) போடணும்" என்று இதைக் கொண்டுவருவார்கள். அது கியர்கள் ஷாஃப்ட் மேல் நகரும் அளவு. சக்கரத்தின் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாலத்தில் பின்பக்கம் இழுப்பதை நான் தனிப் புகாராகவே எடுத்துக்கொள்வேன். டிரம்மில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் அதற்குக் காரணமாகலாம். ஆனால் இஞ்சினை மட்டும் கட்டிவிட்டுச் சைலண்ட் பிளாக்கைப் பழசாகவே விட்டிருப்பது மிகச் சாதாரணம், வெளியே தெரியாத சாமான் பாருங்கள். டயரைப் பக்கவாட்டில் தள்ளி, இஞ்சின் போல்ட் பிரேமுக்குள் போகும் இடத்தில் விரல் வையுங்கள். கேசிங் குழாய்க்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் ரப்பர் போய்விட்டது. புதுசு போட்டிருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இஞ்சின் போல்ட்டை எப்போது இறுக்கினார்கள்? சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி சக்கரத்தில் நின்று, மேலே ஒருவர் உட்கார்ந்திருக்க, 61 முதல் 75 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவதே சரி. ஷாக் அப்சார்பரின் கீழ் ரப்பரையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். டயர் காற்று முன்னால் 1.25 பார், பின்னால் தனி ஆளுக்கு 1.75, பின்னால் ஆள் ஏறினால் 2.5. பத்து அங்குலச் சக்கரம், பக்கவாட்டில் கடல் காற்று: எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பாலத்தில் பிஎக்ஸ் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

டிரம், ஷாஃப்ட் பக்கம் ஆட்டம் என்று உறுதியானால் தீரும்வரை பாலத்தைத் தவிர்த்து, பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஸ்பிளைன் அறுந்தால் பிரேக் போகாது, சக்கரமும் டிரம்மும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இஞ்சின் உறுமும், வண்டி நகராது, அதுவும் நடுப்பாலத்தில். மேட்டில் கியர் போட்டு நிறுத்திவிட்டு நம்பி இறங்கிப் போகவும் வேண்டாம். நட்டைச் சரியாக இறுக்கிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் பின்னை உருவி மறுபடி 90இல் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். உருவிய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதுப் பின் போடுங்கள்.